பிறந்த குதிரைக்குட்டியை எப்போது தொடலாம், எப்போது கைகட்டி நிற்க வேண்டும்?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: வீட்டுப் பண்ணையில் சினைக் குதிரைக்கு நாள் நெருங்கிவிட்டது, அங்கே பிறக்கப்போகும் முதல் குட்டி இது. பிறந்ததும் துடைத்துவிட்டு, தொப்புள்கொடியை அறுத்து, பால் குடிக்க வைத்து, பிள்ளைகளும் தொட்டுப் பழகும்படி குடும்பமாக வரவேற்க ஆசை. அதற்கு என்னென்ன தயார் செய்ய வேண்டும்? இந்த நாலு வேலையில் முதல் மூன்றைப் பெரும்பாலும் தாயும் குட்டியுமே பார்த்துக்கொள்ளும். நாலாவது சில மணி நேரம் தள்ளிப்போனால் ஒன்றும் குறையாது. உண்மையில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, எந்த நிமிடம் வரை கைகட்டி நிற்பது, எந்த நிமிடத்தில் பாய்ந்து போவது என்பதைத்தான். அதனால் கையில் கடிகாரமும் ஒரு நோட்டும் இருக்கட்டும். இரவு இரண்டு மணிக்குப் பதற்றத்தில் நிற்பவருக்கு ஐந்து நிமிடம் அரை மணி போலவும் தோன்றும், அரை மணி ஐந்து நிமிடம் போலவும் தோன்றும். பனிக்குடம் உடைந்த நேரம், குட்டி விழுந்த நேரம், எழுந்து நின்ற நேரம், முதலில் பால் குடித்த நேரம், நஞ்சுக்கொடி விழுந்த நேரம் ஆகிய ஐந்தையும் எழுதி வைத்தாலே பாதி வேலை முடிந்தது. மருத்துவர் போனில் கேட்கப்போவதும் அவற்றைத்தான்.

குதிரையின் சினைக்காலம் சராசரி 340 நாள். ஆனால் 320 முதல் 365 நாள் வரை எங்கே விழுந்தாலும் இயல்புதான். தேதி தாண்டிவிட்டது என்று ஊசி போட்டு வரவழைக்கச் சொல்லாதீர்கள். குதிரைக்குட்டியின் நுரையீரலும் எலும்பும் கடைசிச் சில நாட்களில்தான் முழுதாக முற்றும். அவசரப்பட்டுப் பிறக்கவைத்த குட்டி பிழைப்பது கடினம். 320 நாளுக்கு முன் பிறந்தால் குறைமாதக் குட்டி என்று எடுத்துக்கொண்டு, பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். தாய்க்குப் போட வேண்டிய தடுப்பூசிகளைக் குட்டி போடுவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பு போட்டுவிடுவது வழக்கம், அந்த எதிர்ப்புச் சக்தி சீம்பாலில் இறங்க வேண்டும் என்பதற்காக. அதே காரணத்துக்காக, வேறு இடத்தில் குட்டி போட வைக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு மாதம் முன்பே அங்கே கொண்டுபோய் விடுங்கள். அந்த மண்ணின் கிருமிகளுக்கு எதிரான சக்தியைத் தாய் உண்டாக்கிக்கொள்ள அவ்வளவு நாளாகும். சினைக்காகப் பிறப்புறுப்பின் மேல்பகுதியைத் தையல் போட்டு மூடியிருந்தால், அந்தத் தையலை இரண்டு வாரம் முன்பே பிரித்துவிட வேண்டும். இதை மறந்தால் குட்டி வரும்போது கிழியும்.

லாயத்தில் இடம் குறைந்தது 12க்கு 12 அடி. 14க்கு 14 இருந்தால் நிம்மதி. கீழே நீளமான, தூசியில்லாத வைக்கோல் கனமாகப் பரப்ப வேண்டும். மரத்தூளும் மரச்சீவலும் மற்ற நாட்களுக்குச் சரி, அன்றைக்கு வேண்டாம். ஈரமான குட்டியின் மூக்கிலும் தொப்புளிலும் நஞ்சுக்கொடியிலும் ஒட்டிக்கொள்ளும். தரையில் வைத்த தண்ணீர்த் தொட்டியை எடுத்துவிட்டு வாளியை உயரத்தில் மாட்டுங்கள். தள்ளாடும் குட்டி தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்த சம்பவங்கள் உண்டு. தயாராக வைக்க வேண்டிய சாமான்கள் அதிகமில்லை: சுத்தமான பழைய துண்டுகள் ஆறேழு, நல்ல டார்ச், நுனி மழுங்கிய கத்தரிக்கோல், கையுறை, வாலைச் சுற்றக் கட்டுத்துணி, தொப்புளுக்கு மருந்தும் அதை ஊற்றி முக்கச் சிறு கிண்ணமும், வெப்பமானி, எனிமா (மலத்தை இளக்க ஆசனவாய் வழியாகச் செலுத்தும் மருந்து) ஒன்று, நஞ்சுக்கொடியைப் போட்டு வைக்க மூடியுள்ள வாளி. மருத்துவரின் எண்ணைச் சுவரிலேயே எழுதி வையுங்கள். அவர் அந்த வாரம் ஊரில் இருக்கிறாரா என்றும் முன்கூட்டியே கேட்டு, மாற்று எண் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாள் நெருங்குவதை மடி சொல்லும். 2 முதல் 4 வாரம் முன்பிருந்து மடி இறங்கும். கடைசி வாரத்தில் இரவில் நிரம்பிக் காலையில் நடந்ததும் தளர்ந்தது போய், எப்போதும் நிரம்பியே நிற்கும். வால் அடியில் இருபக்கமும் சதை கூழ்போல் தளர்ந்துவிடும், பிறப்புறுப்பு நீண்டு தொங்கும். காம்பு நுனியில் மஞ்சள் மெழுகுத் துளிபோல் சீம்பால் உறைந்து நின்றால் பெரும்பாலும் ஓரிரு நாளில் குட்டி. ஆனால் மெழுகே கட்டாமல் குட்டி போடும் குதிரைகளும் உண்டு, ஒரு வாரம் மெழுகோடு நின்று பொறுமையைச் சோதிக்கும் குதிரைகளும் உண்டு. இதைவிட நம்பகமானது மடிப்பாலைச் சோதிப்பது. தினமும் மாலையில் சில சொட்டு எடுத்துச் சோதனைத் தாளில் பார்த்தால், கால்சியம் 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு) தாண்டி, அமிலக் காரக் குறியீடு (பிஎச்) 6.4க்கு இறங்கும்போது பெரும்பாலானவை அடுத்த 72 மணி நேரத்துக்குள் போட்டுவிடும். இந்தச் சோதனையின் உண்மையான லாபம் வேறு: அளவு ஏறாத இரவில் நீங்கள் தூங்கலாம். ஒரு எச்சரிக்கை. குட்டி பிறக்கும் முன்பே காம்பிலிருந்து பால் தாரையாக ஒழுகினால் அதை நல்ல சகுனமாக எண்ணாதீர்கள். ஒழுகுவது சீம்பால், அது ஒரே தடவைதான் சுரக்கும். ஒழுகும் பாலைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குதிரைகள் பெரும்பாலும் இரவில்தான் குட்டி போடும், அதுவும் யாரும் இல்லாத நேரம் பார்த்து. முதல் கட்டத்தில் தாய் நிலைகொள்ளாமல் திரியும், வியர்க்கும், வயிற்றுப் பக்கம் திரும்பிப் பார்க்கும், காலால் தரையைப் பறிக்கும், படுக்கும், உருளும், எழும். பார்ப்பதற்கு வயிற்றுவலி போலவே இருக்கும். அந்த உருளல் வீணில்லை. வயிற்றுக்குள் மல்லாந்து கிடந்த குட்டி திரும்பி நேராக வருவது இந்த நேரத்தில்தான். இந்தக் கட்டம் அரை மணியிலும் முடியலாம், நாலு மணி நேரமும் இழுக்கலாம். ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் பேச்சும் அதிகமாக இருந்தால் தாய் இதை நிறுத்தி, மறுநாள் இரவுக்குத் தள்ளிவைத்துவிடும். குடும்பமே வேலியோரம் வரிசையாக நிற்பதில் உள்ள முதல் சிக்கல் இதுதான். வாலைத் துணியால் சுற்றி, மடியையும் பின்பக்கத்தையும் வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு, இருவர் மட்டும் இருட்டில் தள்ளி உட்காருங்கள்.

பனிக்குடம் உடைந்து மஞ்சள் கலந்த பழுப்புத் தண்ணீர் வாளிக்கணக்கில் கொட்டும். அந்த நொடி கடிகாரத்தைப் பாருங்கள். இனித் தாயால் தள்ளிப்போட முடியாது. 5 நிமிடத்துக்குள் வெளுத்த நீலநிறச் சவ்வு தெரிய வேண்டும். அதற்குள் ஒரு குளம்பு, அதற்குச் சற்றுப் பின்னால் இன்னொரு குளம்பு, இரண்டின் அடிப்பாகமும் தரையைப் பார்த்தபடி, பிறகு முன்முட்டிகள் மேல் சாய்ந்த மூக்கு. இரண்டு குளம்புகளும் சரிசமமாக இல்லாமல் ஒன்று முந்தி ஒன்று பிந்தி வருவதே சரி, அப்போதுதான் தோள்பட்டை சாய்வாக நுழையும். தண்ணீர் உடைந்ததிலிருந்து 20 முதல் 30 நிமிடத்தில் குட்டி முழுதாக வெளியே வந்திருக்க வேண்டும். 10 நிமிடம் கடந்தும் ஒன்றும் தெரியவில்லை, அல்லது தாய் பலமாக முக்கியும் 10 நிமிடமாக ஒரு அங்குலமும் நகரவில்லை என்றால் அழைப்பு அந்த நிமிடமே போக வேண்டும். மாட்டுக்குக் காத்திருப்பதுபோல் குதிரைக்குக் காத்திருக்க முடியாது. குதிரையின் நஞ்சுக்கொடி சீக்கிரம் பிரிந்துவிடும், உள்ளே குட்டிக்கு மூச்சு முட்டும்.

குளம்பின் அடிப்பாகம் வானத்தைப் பார்த்தால் குட்டி மல்லாந்து வருகிறது, அல்லது பின்னங்கால் முந்தி வருகிறது. எது என்று தெரிய, கையைச் சுத்தம் செய்து காலின் மேல்பக்கம் தடவிப் பாருங்கள்: குளம்பிலிருந்து மேலே போகும்போது முதல் இரண்டு மூட்டுகளும் ஒரே பக்கம் மடங்கினால் முன்கால், எதிரெதிர்ப் பக்கம் மடங்கினால் பின்கால். ஒரு கால் மட்டும் தெரிவது, மூக்கு தெரிந்தும் கால் தெரியாதது, கால் இரண்டும் வந்தும் தலை வராதது எல்லாமே கோணல் வரவுதான். மருத்துவர் வரும்வரை தாயை எழுப்பி மெல்ல நடக்க விடுங்கள். நடக்கும்போது முக்கல் குறையும், குட்டி இன்னும் இறுகாமல் இருக்கும். எல்லாம் நேராக இருந்து கொஞ்சம் உதவி மட்டும் தேவை என்றால், தாய் முக்கும்போது மட்டும், தாயின் பின்னங்கால் முட்டியை நோக்கிக் கீழ்ச்சாய்வாக இழுங்கள். அது ஓயும்போது நீங்களும் ஓய வேண்டும். கயிறு கட்டி நாலு பேர் சேர்ந்து இழுப்பது விலா எலும்பை முறிக்கும், தாயின் கருப்பையைக் கிழிக்கும்.

காத்திருக்கவே கூடாத காட்சி ஒன்று உண்டு. வெளுத்த சவ்வுக்குப் பதிலாக, சிவந்த, வெல்வெட் துணிபோன்ற பை முதலில் பிதுங்கி வந்தால் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டது என்று பொருள். உள்ளே குட்டிக்கு ஆக்சிஜன் நின்றுகொண்டிருக்கிறது. மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்ற பேச்சே இல்லை. அந்தப் பையை மழுங்கிய கத்தரிக்கோலால் உடனே வெட்டித் திறந்து, உள்ளிருக்கும் வெள்ளைச் சவ்வையும் கிழித்து, குட்டியின் கால்களைப் பிடித்துத் தாயின் முக்கலோடு சேர்ந்து வெளியே கொண்டுவர வேண்டும். போன் இன்னொருவர் கையில் இருக்கட்டும். கத்தரிக்கோலைப் பெட்டிக்குள் வைக்காமல் ஆணியில் மாட்டி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

குட்டி வந்ததும் மூக்கின் மேல் சவ்வு ஒட்டியிருந்தால் மட்டும் விலக்கிவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள். அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு தொடங்க வேண்டும். தொடங்காவிட்டால் துண்டால் உடம்பை அழுத்தித் தேயுங்கள், வைக்கோல் துரும்பால் மூக்குத் துவாரத்தைச் சீண்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தலையை நேராக நீட்டி, ஒரு மூக்குத் துவாரத்தைப் பொத்திக்கொண்டு மறு துவாரத்தில் ஊதுங்கள். விலா எழும்ப வேண்டும், நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து தடவை போதும். இடது முன்கால் முழங்கைக்குப் பின்னால் கைவைத்தால் இதயத் துடிப்பு தெரியும், நிமிடத்துக்கு 60க்குக் கீழே என்றால் ஆபத்து. பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி ஆட்டும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். குடல் எடையெல்லாம் நுரையீரலை அழுத்துவதுதான் மிச்சம்.

நன்றாக மூச்சுவிடும் குட்டி என்றால், பின்னங்கால்கள் இன்னும் தாய்க்குள்ளேயே இருக்க இரண்டும் படுத்தபடி கால்மணி நேரம் கிடக்கலாம். பார்ப்பவருக்கு இழுத்துவிடக் கை பரபரக்கும். இழுக்காதீர்கள். தாய் எழும்போதோ குட்டி துள்ளும்போதோ, வயிற்றிலிருந்து ஒன்றிரண்டு அங்குலம் தள்ளி இயற்கையாகவே ஒடுங்கிய இடத்தில் தொப்புள்கொடி தானே அறும். இழுபட்டு அறுவதால் ரத்தக்குழாய்கள் சுருங்கி மூடிக்கொள்ளும். கத்தியால் அறுத்தால் அந்தச் சுருக்கம் சரியாக நடக்காது, ரத்தம் கசியும், கிருமியும் நுழையும். தானாக அறுந்த பிறகும் சொட்டினால் சுத்தமான விரலால் சில நிமிடம் கிள்ளிப் பிடித்தால் நிற்கும். தொப்புள்கொடி வழியாக நஞ்சுக்கொடியிலிருந்து குட்டிக்கு நிறைய ரத்தம் போய்ச் சேர்கிறது, அதற்காகத்தான் காத்திருக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். அந்த அளவைப் பற்றிக் கருத்து வேற்றுமை உண்டு. எப்படியானாலும் அவசரப்படாததால் நஷ்டம் எதுவும் இல்லை, தாயும் அந்த நேரத்தில் இளைப்பாறும்.

இனி 1, 2, 3 என்று நினைவில் வையுங்கள்: 1 மணி நேரத்துக்குள் குட்டி எழுந்து நிற்க வேண்டும், 2 மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும், 3 மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். நிற்க 2 மணி, குடிக்க 3 மணி என்பது கடைசி எல்லை. அதைத் தாண்டினால் இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. எழுவதற்கு முன் ஐந்தாறு தடவை விழும், மூக்கை வைக்கோலில் குத்தும், கால் நாலும் நாலு திசைக்குப் போகும். தூக்கி நிறுத்தாதீர்கள். அந்த விழுந்து எழுதலில்தான் தசைக்கு வலு ஏறுகிறது. நின்ற பிறகு மடியைத் தேடுவதே தனிக் கூத்து: முன்காலிடுக்கு, வயிறு, சுவர் மூலை, வாளி என்று நாக்கைக் குழல்போல் சுருட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சப்பும். தலையைப் பிடித்து மடிக்குள் திணித்தால் பின்னால் தள்ளிக்கொண்டு ஓடும். பிட்டத்தில் ஒரு கையை லேசாக வைத்து, மறு கையால் காம்பிலிருந்து இரண்டு பீச்சு பாலை அதன் உதட்டில் படவிட்டால் போதும், மீதியை அது கண்டுபிடிக்கும்.

மடியடியில் தலை வைத்திருக்கிறது என்பதாலேயே பால் குடிக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். முதல் குட்டி பார்ப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். தொண்டையில் விழுங்கும் அசைவு தெரிய வேண்டும், குடித்த பிறகு மடி தளர வேண்டும். குட்டியின் நெற்றியிலும் முகத்திலும் பால் காய்ந்திருக்கிறது, தாயின் காம்பு சொட்டுகிறது, மடி கல்போல் இருக்கிறது என்றால் அது குடிக்கவில்லை. பால் மூக்கு வழியாகத் திரும்பி வந்தால் விழுங்குவதில் கோளாறு, அல்லது அண்ணத்தில் பிளவு. அன்றே காட்ட வேண்டும்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம், குதிரைக்குட்டி கிட்டத்தட்ட எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறக்கிறது என்பதுதான். மனிதக் குழந்தைக்கு வயிற்றிலேயே தாயிடமிருந்து அது வந்துவிடும். குதிரையின் நஞ்சுக்கொடி அதை உள்ளே விடுவதில்லை. முழுக்கச் சீம்பால் வழியாகவே வர வேண்டும். குட்டியின் குடலும் அந்தப் பெரிய புரதங்களை முதல் 6 முதல் 8 மணி நேரம்தான் நன்றாக உள்ளே விடும். 12 மணி நேரத்துக்கு மேல் வெகுவாகக் குறைந்து, 24 மணி நேரத்தில் கதவு மூடிவிடும். 45, 50 கிலோ குட்டிக்கு முதல் சில மணி நேரத்துக்குள் 1 முதல் 2 லிட்டர் நல்ல சீம்பால் உள்ளே போக வேண்டும். நல்ல சீம்பால் கெட்டியாக, மஞ்சளாக, விரலில் பிசுபிசுக்கும். பிரிக்ஸ் அளவுமானி (பாலில் கரைந்துள்ளவற்றின் அடர்த்தியைக் காட்டும் சிறு கருவி) இருந்தால் ஒரு சொட்டு போதும்: 23 சதவீதத்துக்கு மேல் நல்லது, 30ஐத் தொட்டால் மிக நல்லது, 20க்குக் கீழே என்றால் வேறு தாயின் சீம்பால் தேட வேண்டும். இன்னொரு குதிரையின் உபரிச் சீம்பாலை உறைநிலையில் வைத்திருப்பவர் யார் என்பதைக் குட்டி பிறப்பதற்கு முன்பே விசாரித்து வையுங்கள். உறைந்ததை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துத்தான் இளக்க வேண்டும். மைக்ரோவேவில் வைத்தால் புரதம் கெட்டு வெறும் பாலாகிவிடும். குடிக்கத் தெரியாமல் 3 மணி நேரம் போய்விட்டால், சப்பும் உணர்வு பலமாக இருக்கும் குட்டிக்கு மட்டும், தாயிடமிருந்து கறந்து மணிக்கு ஒரு தடவை 250 மில்லி வரை புட்டியில், தாயின் மடி உயரத்தில் பிடித்துக் கொடுக்கலாம். சப்பாத குட்டியின் வாயில் ஊற்றவே கூடாது, நேரே நுரையீரலுக்குப் போகும். அந்தக் குட்டிக்கு மருத்துவர் குழாய் வழியாகத்தான் ஊட்ட வேண்டும்.

எல்லாம் நன்றாக நடந்ததுபோல் தெரிந்தாலும் 18 முதல் 24 மணி நேரத்துக்குள் குட்டியின் ரத்தத்தில் ஐஜிஜி (சீம்பால் வழியாக வரும் எதிர்ப்புப் புரதம்) அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிறைவு, 400 முதல் 800 வரை பற்றாக்குறை, 400க்குக் கீழே என்றால் சீம்பால் சேரவே இல்லை என்று பொருள். குறைந்திருந்தால் அந்த நேரத்தில் வாய்வழியாக எது கொடுத்தும் பயனில்லை, நரம்பு வழியாகப் பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) ஏற்ற வேண்டும். முதல் குட்டிக்குச் செலவழிப்பதில் எதை விட்டாலும் இந்தப் பரிசோதனையை விடாதீர்கள். துள்ளி விளையாடும் குட்டி மூன்றாம் நாள் திடீரென்று சாய்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் குறைதான் இருக்கும்.

தொப்புளுக்கு வருவோம். குட்டி எழுந்த பிறகு, 2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி ஒரு பங்குக்குச் சுத்தமான தண்ணீர் மூன்று பங்கு சேர்த்தால் 0.5 சதவீதம் ஆகும். அதைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி, தொப்புள் தண்டு முழுதும் மூழ்கும்படி சில விநாடி முக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள், நாளுக்கு இரண்டு மூன்று தடவை போதும். 7 சதவீதக் கடும் அயோடின் பல பண்ணைகளில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அது தோலைச் சுட்டுப் புண்ணாக்கி, தடுக்க வந்த கிருமிக்கே வழிவிடும். ஓரிரு நாளில் தண்டு காய்ந்து சுருங்க வேண்டும். ஈரமாகவே இருந்தாலோ அதிலிருந்து சிறுநீர் சொட்டினாலோ காட்டுங்கள்.

முதல் மலம் கருத்து, தார்போல் கெட்டியாக இருக்கும். சில மணி நேரத்தில் வரத் தொடங்கி முதல் நாளுக்குள் முழுதும் போய், பால்மலம் மஞ்சளாக வர வேண்டும். வாலைத் தூக்கித் தூக்கி முதுகை வளைத்து முக்குகிறது, பால் குடிப்பதை விட்டுவிட்டு வாலை ஆட்டுகிறது என்றால் மலம் சிக்கியிருக்கிறது. இடுப்பு குறுகலாக இருப்பதால் ஆண்குட்டிகளுக்கு இது அதிகம். கடையில் கிடைக்கும் பாஸ்பேட் எனிமா ஒன்று கொடுக்கலாம். ஒன்றுக்குப் பலனில்லை என்றால் அடுத்தடுத்துக் கொடுத்துக்கொண்டே போகாதீர்கள், பாஸ்பேட் ரத்தத்தில் ஏறி நஞ்சாகும். சிறுநீர் முதலில் வர ஆண்குட்டிக்குச் சுமார் 6 மணி நேரம், பெண்குட்டிக்கு 10 மணி நேரம் கூட ஆகலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் வயிறு உப்பி, முக்கியும் சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்தால் சிறுநீர்ப்பை கிழிந்திருக்கக்கூடும். மலச்சிக்கலும் இதுவும் வெளியே ஒரே மாதிரி தெரியும் என்பதால் இங்கே நாமே ஊகிப்பது சரிவராது.

தாயை மறந்துவிடக் கூடாது. தொங்கும் நஞ்சுக்கொடியைக் கையால் இழுக்காமல், மிதித்துக் கிழிக்காதபடி பின்னங்கால் முட்டிக்கு மேலே முடிச்சுப் போட்டு வையுங்கள். 3 மணி நேரத்தில் விழாவிட்டால் அழைப்பு. தங்கிப்போன ஒரு துண்டு கருப்பையில் அழுகினால் உடம்பெல்லாம் விஷமேறி, குளம்பு அழற்சி வரை கொண்டுபோய்விடும். விழுந்ததை எறிந்துவிடாதீர்கள். தரையில் விரித்துப் பார்த்தால் இரண்டு கொம்புள்ள காற்சட்டை போல இருக்கும். இரண்டு கொம்பின் நுனியும் முழுதாக இருக்க வேண்டும். சினை பிடிக்காத சிறு கொம்பின் நுனிதான் வழக்கமாக உள்ளே தங்கும். எடை குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு, 5 கிலோவை ஒட்டி இருக்கும். அதிக கனமாக, தடித்து, நிறம் மாறியிருந்தால் வயிற்றிலேயே கிருமி புகுந்திருக்கலாம், குட்டியையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். மருத்துவர் பார்க்கும்வரை மூடி வாளியில் வையுங்கள். குட்டி போட்ட பின் லேசான வயிற்றுவலி இயல்பு. ஈறு வெளுத்து, வியர்த்து, நடுங்கினால் உள்ளே ரத்தக்குழாய் உடைந்திருக்கலாம், வயதான தாய்களுக்கு இது நேரும். இருட்டில் அசையாமல் அமைதியாக வைத்துக்கொண்டு மருத்துவரை வரவழையுங்கள்.

முதல் பிரசவத் தாய் குட்டியைப் பார்த்துக் கனைத்து நக்குகிறது, ஆனால் மடியில் வாய் பட்டதும் கத்தி நகர்கிறது என்றால் அது வெறுப்பல்ல, மடி வலியும் கூச்சமும்தான். கயிற்றைப் பிடித்து நிறுத்தி இரண்டு மூன்று தடவை குடிக்கவைத்தால் பழகிவிடும். காதை மடக்கிக்கொண்டு பிடரியைக் கடித்துத் தூக்குவதும், தேடிப்போய் உதைப்பதும் வேறு. அங்கே குட்டியை உடனே பிரித்துத் தடுப்புக்கு அப்பால் வைக்க வேண்டும்.

பயமுறுத்தும் ஆனால் கெடுதலில்லாத சில காட்சிகளும் உண்டு. குளம்பின் அடியில் வெளுத்த விரல்கள்போல் தொங்குவது, தாயின் வயிறு கிழியாமலிருக்க இயற்கை போட்ட உறை, நடந்ததும் தேய்ந்துவிடும். நஞ்சுக்கொடியோடு வரும், ரப்பர் போன்ற பழுப்புத் துண்டும் இயல்பே. குளம்பு நுனி தூக்கிக் குதிகாலில் நடக்கும் குட்டி பெரும்பாலும் சில நாளில் நிமிர்ந்துவிடும். குட்டி தாயின் லத்தியைத் தின்னும், குடலுக்குத் தேவையான நுண்ணுயிர் அப்படித்தான் போய்ச் சேர்கிறது. முதல் ஒன்றிரண்டு வாரத்தில் சிறு கழிச்சலும் வரும். சுறுசுறுப்பாக இருந்து பால் குடிக்கும்வரை பின்பக்கத்தைக் கழுவித் துடைத்தால் போதும்.

மாறாக, கால் நொண்டும் குட்டியைத் தாய் மிதித்திருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். மூட்டில் கிருமி இல்லை என்று நிரூபணமாகும்வரை அது மூட்டுக் கிருமிதான். வெப்பம் 37.2 முதல் 38.9 டிகிரி செல்சியஸ் இயல்பு, அதற்கு மேலோ கீழோ போனால் கேட்க வேண்டும். ஈறு கருஞ்சிவப்பாவது, தூக்கம் கூடுவது, பால் குடிக்கும் தடவை குறைவது ஆகியவை நோயின் முதல் அறிகுறிகள். ஆரோக்கியமான குட்டி மணிக்கு ஐந்தாறு தடவை குடிக்கும். முதல் நாள் நன்றாக இருந்து, பிறகு சோர்ந்து, ஈறும் கண்வெள்ளையும் மஞ்சளாகிச் சிறுநீர் சிவந்தால், தாயின் சீம்பாலே குட்டியின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் நோயாக இருக்கலாம். கோவேறு கழுதைக் குட்டிகளுக்கு இது இன்னும் அதிகம். மருந்தளவு எதையும் நான் எழுதாததற்குக் காரணம், இந்தக் குட்டிகள் மணிக்கணக்கில் மாறும். எடையும் நிலையும் நேரில் பார்க்காமல் சொல்வது தவறு.

கடைசியாகப் பிள்ளைகள். பிறந்த முதல் மணியிலேயே உடம்பெல்லாம் தடவி, காதிலும் வாயிலும் விரல்விட்டுப் பழக்கினால் வாழ்நாள் முழுதும் சாதுவாக இருக்கும் என்ற முறை பரவலாகப் பேசப்படுகிறது. சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் அந்தப் பலன் சில மாதங்களுக்கு மேல் நிலைக்கவில்லை. தாயும் குட்டியும் வாசனையால் ஒன்றையொன்று அறியும் நேரத்தையும் முதல் பாலையும் அது கெடுக்கலாம் என்பதால், என் பரிந்துரை தள்ளிப்போடுவதே. பிறந்தும் பிறக்காததுபோல் மந்தமாகச் சுற்றி, மடியைத் தேடாத குட்டியின் மார்பைக் கயிற்றால் சுற்றி 20 நிமிடம் அழுத்தி வைக்கும் முறையும் உண்டு. பலன் தந்த குட்டிகள் உண்டு, சான்று இன்னும் முழுமையில்லை. விலா முறிந்த குட்டிக்குச் செய்தால் கேடு, ஆகவே மருத்துவர் பார்த்த பிறகே. பிள்ளைகள் முதல் இரவு தடுப்புக்கு வெளியே இருந்து பார்க்கட்டும். நோட்டில் நேரம் எழுதும் வேலையை மூத்த பிள்ளையிடம் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்யும். மறுநாள், மடி தளர்ந்து குட்டி குடித்து உறங்கி எழுந்த பிறகு, தாயின் கயிறு பெரியவர் ஒருவர் கையில் இருக்க, ஒரு நேரத்துக்கு ஒரு பிள்ளை மட்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உள்ளே போகலாம். குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் நிற்காமல் குட்டியின் தோளருகில் உட்கார்ந்து, அது தானாக வந்து முகரும்வரை கையை நீட்டாமல் இருக்கச் சொல்லுங்கள். முதலில் சொறிய வேண்டிய இடம் பிடரி அடி. மூக்கை நீட்டினால் விளையாட்டாக விரலைக் கொடுக்கப் பழக்க வேண்டாம், சில வாரங்களிலேயே அதற்குப் பற்கள் இருக்கும்.